குழந்தையை அழவைத்துக் காட்டிய நிகழ்ச்சி: புகார் எங்கே கொடுப்பது, கொடுத்தால் என்ன ஆகும்?

பெருந்துறை அம்மணி | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கமுங்க. நேற்று சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு சேனலில் குழந்தைகள் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் மேடையில் நிற்கிறான். தொகுப்பாளர் அவனைப் பார்த்து "உனக்கு எத்தனை லவ்வருடா?" என்று கேட்கிறார். அவன் திருதிருவென்று முழிக்கிறான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவனைப் போட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். பையன் தேம்பித் தேம்பி அழுகிறான், கேமரா அவன் முகத்தை விட்டு நகரவே இல்லை, பின்னால் சோகமாக ஒரு இசை, அதையே மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.

என் பையனுக்கும் ஏழு வயதுதான். "அம்மா, அவனை ஏன் யாருமே தூக்கிக்கலை?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

இன்று காலையில் கேபிள்காரருக்குப் போன் செய்தேன், அவர் கையில் ஒன்றும் இல்லை என்றார். ஒரு அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டேன், நிகழ்ச்சியில் என்ன வருகிறது என்பதை நாங்கள் பார்ப்பதில்லை என்று வைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் யாரிடம் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சோமனூர் கேபிள் | திங்கள், இரவு 9.42

அக்கா, நான் 18 வருடமாகக் கேபிள் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கேபிள்காரர் சொன்னது உண்மைதான். எங்களுக்கு வருவது சிக்னல், அதை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பதுதான் வேலை. ஒரு சேனலை முழுசாக எடுத்துவிடலாமே தவிர, ஒரு நிகழ்ச்சியை மட்டும் எங்களால் மறைக்க முடியாது. முழுச் சேனலையும் எடுத்தால் தறிக்குடோன் வீதியில் பாதி வீடு சண்டைக்கு வந்துவிடும். உங்கள் பெட்டியில் சேனலுக்குப் பூட்டுப் போடும் வசதி இருக்கிறது, நாலு இலக்க எண் வைத்துப் பூட்டலாம், அதை வேண்டுமானால் வீட்டுக்கு வந்து சொல்லித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் திட்டு எல்லாம் எங்களுக்குத்தான் வருகிறது. சீரியலில் மாமியார் விஷம் வைத்தாலும் என் போன்தான் அடிக்கிறது.

நொய்யல்கரை | திங்கள், இரவு 10.05

ரிமோட் கையில்தானே இருக்கிறது, மாற்றிவிட்டுப் போங்கள் அம்மணி. நான் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செய்திச் சேனல் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு வரி பதில் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அதற்கப்புறம் இந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பெருந்துறை அம்மணி | திங்கள், இரவு 10.11

அண்ணா, நான் மாற்றினால் என் பையன் பார்க்க மாட்டான், சரி. அந்த மேடையில் நிற்கிற பையனுக்கு யார் ரிமோட்டை மாற்றுவது?

கோபி வக்கீல் | செவ்வாய், காலை 6.30

நேற்று இரவே படித்தேன், நிதானமாக எழுதலாம் என்று காலையில் எழுதுகிறேன். கோபியில் வக்கீலாக இருக்கிறேன், இது என் முழுநேர வழக்கு வகை இல்லை, ஆனால் இந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டிவி என்றதும் எல்லோரும் டிராய்க்கு, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுகிறார்கள். டிராய் பார்ப்பது மாதக் கட்டணம், சேனல் பேக்கேஜ், கேபிள் சேவையின் தரம், இந்த மாதிரி விஷயங்கள். திரையில் என்ன வருகிறது என்பது அவர்கள் பாடு இல்லை. தணிக்கை வாரியத்துக்கு எழுதுபவர்களும் உண்டு, அது சினிமாவுக்கு. டிவி நிகழ்ச்சிகளுக்கு ஒளிபரப்பாவதற்கு முன் தணிக்கை என்று ஒன்று கிடையாது. ஒளிபரப்பான பின் யாராவது புகார் சொன்னால்தான் கதை ஆரம்பிக்கிறது. அதனால் அம்மணி, உங்கள் புகார் அவர்களுக்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள், இந்த ஏற்பாடே உங்களை நம்பித்தான் நடக்கிறது.

சட்டம் 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி நெட்வொர்க் ஒழுங்குமுறைச் சட்டம். அதன் கீழுள்ள 1994 விதிகளில் (அவசரச் சட்டமாக இருந்தபோதே எழுதியவை) 6ஆவது விதி நிகழ்ச்சி நெறிமுறை, 7ஆவது விதி விளம்பர நெறிமுறை. 2021 ஜூன் 17இல் அந்த விதிகளைத் திருத்தி மூன்று படிகள் வைத்தார்கள். முதல் படி சேனலே. ஒவ்வொரு சேனலுக்கும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு பிடிக்கவில்லை அல்லது பதிலே வரவில்லை என்றால் அடுத்த 15 நாள்களுக்குள் இரண்டாம் படிக்கு மேல்முறையீடு. அது அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பு, அவர்களுக்கு 60 நாள் கெடு. அங்கேயும் ஆகவில்லை என்றால் 15 நாள்களுக்குள் டில்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.

நேராக அமைச்சகத்துக்கு எழுதினால் பெரும்பாலும் சேனலுக்கே திருப்பி அனுப்பி வைப்பார்கள். அதனால் படி தாண்டாதீர்கள்.

இரண்டாம் படி அமைப்புகளில் முக்கியமானவை இரண்டு. சீரியல், ரியாலிட்டி ஷோ போன்ற பொழுதுபோக்குக்கு பி.சி.சி.சி. என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம், 2011 ஜூனில் ஆரம்பித்தது, தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, முதல் தலைவர் நீதிபதி ஏ.பி. ஷா. செய்திக்கு என்.பி.டி.எஸ்.ஏ. என்ற செய்தி ஒளிபரப்புத் தர ஆணையம், 2008இல் வேறு பெயரில் தொடங்கியது, முதல் தலைவர் நீதிபதி ஜே.எஸ். வர்மா. விளம்பரம் என்றால் மும்பையில் 1985இலிருந்து இருக்கும் ஆஸ்கி என்ற விளம்பரத் தர மன்றம்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் செய்திச் சேனல் புகார் ஏன் போய்ச் சேரவில்லை என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. செய்தி என்றால் முதல் ஒளிபரப்பிலிருந்து 7 நாள்களுக்குள் சேனலுக்கு எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எத்தனை நாள் கழித்து, யாருக்கு எழுதினீர்கள்?

நொய்யல்கரை | செவ்வாய், மதியம் 1.20

ஒரு மாதம் இருக்கும். அமைச்சர் பெயருக்கு எழுதினேன். சேனலுக்கு எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

சரி, அது போகட்டும். என் அடிப்படைக் கேள்வி வேறு. முதல் படி சேனல், இரண்டாம் படி சேனல்காரர்கள் சேர்ந்து வைத்த மன்றம். வேலியே பயிரை மேய்கிற கதைதானே? செய்திச் சேனலுக்கு அவர்கள் போடும் அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய் என்று படித்தேன். பத்து விநாடி விளம்பரத்தில் எடுத்துவிடுவார்கள்.

கோபி வக்கீல் | செவ்வாய், இரவு 8.50

ஒரு லட்சம் விஷயம் நீங்கள் சொன்னது சரி. 2020இல் நடிகர் சுஷாந்த் சிங் இறந்தபோது அவர் எழுதியதாகப் போலி ட்வீட்டுகளைக் காட்டியதற்கு ஆஜ் தக் என்ற இந்திச் செய்திச் சேனலுக்குச் செய்திக்கான அந்த அமைப்பு விதித்தது அதே ஒரு லட்சம்தான், மன்னிப்பும் ஒளிபரப்பச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இந்தத் தொகை எந்தச் சேனலையும் தடுக்காது என்று சொன்னது. அதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் "அப்படியானால் அரசாங்கமே நேரடியாகப் பார்க்கட்டும்" என்று அடுத்த வரி எழுதிவிடாதீர்கள். சட்டத்தின் 20ஆவது பிரிவில் சேனலையே நிறுத்தும் அதிகாரம் அரசாங்கத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2007இல் டில்லியில் ஒரு ஆசிரியை மீது பொய்யான ரகசிய கேமரா செய்தி போட்ட லைவ் இந்தியா சேனலை ஒரு மாதம் நிறுத்தினார்கள், அது நியாயம் என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த அம்மாவைக் கூட்டம் தெருவில் போட்டு அடித்தது. அதே அதிகாரத்தில்தான் 2020 மார்ச்சில் டில்லிக் கலவரச் செய்திக்காக இரண்டு மலையாளச் சேனல்களை 48 மணி நேரம் நிறுத்த உத்தரவு போட்டு, மறுநாளே எடுத்தார்கள். அந்த இரண்டில் ஒன்றான மீடியா ஒன் சேனலுக்குப் பின்னால் உரிமம் புதுப்பிக்காமல் விட்டது உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 ஏப்ரலில் ரத்தானது. அந்தக் கத்தியை ஒரு குழந்தை நிகழ்ச்சிப் புகாருக்கும் தூக்க ஆரம்பித்தால், நாளைக்கு நமக்குப் பிடித்த செய்தியையும் வெட்டும்.

சேனலும் இல்லாமல் அரசாங்கமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று 1995 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலைவரிசை பொதுச் சொத்து என்ற தீர்ப்பு. முப்பது வருடம் ஆகிவிட்டது, எனக்கு அதில்தான் கோபம்.

ஈரோட்டான் ரெடிங்கில் | புதன், அதிகாலை 3.15

சொந்த ஊர் ஈரோடு, மஞ்சள் மண்டி பக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் 11 வருடமாக இருக்கிறேன். வக்கீல் ஐயா சொன்ன அந்த மூன்றாவது அமைப்பு இங்கே இருக்கிறது, ஆஃப்காம் என்று பெயர். டிவி, ரேடியோ, தொலைபேசி, தபால் எல்லாம் அவர்கள் கீழே. அரசு வைத்த அமைப்புதான், ஆனால் அமைச்சர் போன் போட்டு இதை நிறுத்து என்று சொல்ல முடியாது.

அவர்கள் புகாரைக் கையாளும் விதத்தை ஒரு தடவை நேரில் பார்த்ததால் எழுதுகிறேன். ஒளிபரப்பான 20 வேலை நாள்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். படிவத்தில் கேட்பது சேனல், நிகழ்ச்சி, தேதி, நேரம், எது உங்களைப் பாதித்தது, அவ்வளவுதான். 15 வேலை நாள்களுக்குள் விதி மீறல் இருக்க வாய்ப்பு உண்டா என்று முதல் கட்டமாகப் பார்ப்பார்கள். இருந்தால் விசாரணை, சேனலிடம் விளக்கம், அப்புறம் முடிவு. முடிவைப் பொதுவில் வெளியிடுகிறார்கள், எந்த நிகழ்ச்சி, எத்தனை புகார், மீறலா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. என் புகாரில் மீறல் இல்லை என்றுதான் முடிவானது, ஆனாலும் அது குப்பைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பிபிசி என்றால் மட்டும் முதலில் பிபிசிக்கே எழுத வேண்டும், நம் ஊர் முதல் படி மாதிரி.

இன்னொன்று, எத்தனை புகார் வந்தது என்பதை வைத்து அங்கே தீர்ப்பு இல்லை. 2007இல் ஷில்பா ஷெட்டியை ஒரு ரியாலிட்டி ஷோவில் இனவெறியோடு நடத்தியதற்கு 44,500 புகார் வந்தது, மீறல் என்று முடிவாகி அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தைச் சேனல் 4 தன் திரையிலேயே மூன்று முறை வாசிக்க வேண்டியதாயிற்று. 2021இல் டிவி தொகுப்பாளர் பியர்ஸ் மோர்கன் இளவரசர் ஹாரியின் மனைவி மேகனைப் பற்றிப் பேசியதற்கு 57,000க்கு மேல் புகார், மீறல் இல்லை என்று முடிவு. இரண்டையும் விதியோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அம்மணிக்கு நேரடியாகப் பொருந்துவது அவர்கள் விதித்தொகுப்பில் 1.28, 1.29. நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் உடல் நலம், மன நலம், கண்ணியம் ஆகியவற்றைச் சேனல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், நிகழ்ச்சியால் அவர்களுக்குத் தேவையில்லாத மன வேதனை வரக் கூடாது. பெற்றோர் சம்மதம் கொடுத்திருந்தாலும் இதுதான் விதி. பார்க்கும் குழந்தையைப் பற்றி மட்டும் இல்லாமல், மேடையில் நிற்கும் குழந்தையைப் பற்றியும் ஒரு விதி எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

பொள்ளாச்சி டீச்சர் | புதன், காலை 7.40

இழை வேறு பக்கம் போனால் மன்னிக்கவும். எனக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்று. நம் கொங்குப் பேச்சைச் சீரியலில் வைத்தாலே ஒன்று வேலைக்காரர் பேசுவார், இல்லை விவரம் தெரியாத கிராமத்து ஆள் பேசுவார். "ஏனுங்க" என்றதும் பின்னணியில் ஒரு சிரிப்புச் சத்தம். என் வகுப்புப் பிள்ளைகள் ஊர்ப் பேச்சில் பேசக் கூச்சப்படுகிறார்கள். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெத்தவங்க, அந்தப் பேச்சில்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. இதற்குப் புகார் கொடுக்க முடியுமா?

கோபி வக்கீல் | புதன், காலை 8.15

டீச்சரம்மா, நெறிமுறையில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. 6(1)இல் எம் பிரிவு: ஒரு இனம், மொழி, வட்டாரத்தைச் சேர்ந்த மக்களை இழிவாகவும் ஏளனமாகவும் காட்டும் காட்சியோ சொல்லோ கூடாது. ஆனால் ஒரு பாத்திரம் கொங்குத் தமிழ் பேசுகிறது என்பது மட்டும் மீறல் ஆகாது. இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வசனம், அந்தப் பேச்சையே கேலிக்கு வைத்தார்கள் என்று காட்ட வேண்டும். நாலைந்து அத்தியாயம் தேதியோடு குறித்து வையுங்கள், தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

ஓய்வு செய்தித்துறை | புதன், மாலை 5.30

நான் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாரும் சொல்லாத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு என்று ஒன்று வைக்கச் சொல்லி அமைச்சகம் 2005இலும் 2008இலும் உத்தரவு போட்டிருக்கிறது. தலைவர் ஆட்சியர் அல்லது காவல் ஆணையர். உறுப்பினர்களில் மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தை நலம், பெண்கள் நலம் பார்க்கும் தொண்டு நிறுவனத்தார், உளவியலோ சமூகவியலோ தெரிந்தவர் எல்லாம் வர வேண்டும். உள்ளூர்க் கேபிள் சேனல்களுக்கு இது நேரடியாக உதவும். நம் பக்கம் ஊருக்கு ஒரு உள்ளூர்ச் சேனல் உண்டு, கல்யாண வாழ்த்து, மாரியம்மன் நோம்பி, நகைக்கடை விளம்பரம், ராத்திரியானால் எந்தச் சான்றிதழும் இல்லாத படம். அந்த மாதிரி விஷயத்துக்கு டில்லி வரை போக வேண்டாம், ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். செயற்கைக்கோள் சேனல் என்றால் அந்தக் குழுவால் மேலே அனுப்பத்தான் முடியும்.

இரண்டு, இதுதான் அம்மணிக்கு முக்கியம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2017இல் விதித் திருத்தம் வந்தது. குழந்தையை நடிக்கவோ நிகழ்ச்சியில் பங்கெடுக்கவோ வைக்கும் தயாரிப்பாளர், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குழந்தைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். புகாரில் "அனுமதி வாங்கியிருக்கிறீர்களா" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியை அவர்கள் தாண்டிப் போக முடியாது.

பெருந்துறை அம்மணி | புதன், இரவு 10.40

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பையன் தூங்கின பொறவு உட்கார்ந்து எழுதினேன். கீழே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

"ஐயா, தங்கள் சேனல் தமிழ்ப் பண்பாட்டைச் சீரழிக்கிறது. பணத்துக்காக எதையும் காட்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் சின்னக் குழந்தையிடம் அசிங்கமாகக் கேள்வி கேட்டு, அழவைத்து வேடிக்கை பார்த்தீர்கள். உடனே இந்த நிகழ்ச்சியைத் தடை செய்ய வேண்டும்."

கோபி வக்கீல் | வியாழன், காலை 6.20

உங்கள் மனசு இதில் இருக்கிறது, ஆனால் இதை வாங்கிப் பார்ப்பவருக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. பண்பாடு, பணம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். தடை கேட்காதீர்கள், அது சேனலிடம் கேட்கும் விஷயம் இல்லை. நான் மாற்றி எழுதியது:

"நிகழ்ச்சியின் பெயர், சேனல், ஞாயிறு தேதி, மாலை 6.40 முதல் 7.05 வரை. சுமார் 6.45க்குத் தொகுப்பாளர் ஏழு வயதுப் போட்டியாளரிடம் காதலிகளின் எண்ணிக்கையைக் கேட்டார். சுமார் 6.58க்கு அதே குழந்தை வெளியேற்றப்பட்டு அழுததை மூன்று முறை மீண்டும் காட்டினீர்கள். இவை குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது என்ற நிகழ்ச்சி நெறிமுறை 6(1) எல் பிரிவுக்கும், குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரம் பற்றிய 6(5)க்கும் எதிரானவை. ரியாலிட்டி ஷோக்களில் குழந்தைகளைக் காட்டும் விதம் பற்றி அமைச்சகம் 18.6.2019இல் தனியார் சேனல்களுக்கு அனுப்பிய அறிவுரையையும் பார்க்கவும். இக்குழந்தை பங்கெடுக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறப்பட்டதா? நான் கேட்பது: மறு ஒளிபரப்பிலும் இணையத்திலும் இவ்விரு பகுதிகளையும் நீக்க வேண்டும், திரையில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்."

நேரத்தை நான் உத்தேசமாகப் போட்டிருக்கிறேன், நீங்கள் இணையத்தில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துச் சரியாகப் போடுங்கள். ஒளிபரப்பை 90 நாள் வரை அவர்கள் பதிவாக வைத்திருக்க வேண்டும், அதனால் "அப்படி வரவே இல்லை" என்று சொல்ல முடியாது.

சோமனூர் கேபிள் | வியாழன், காலை 9.00

வக்கீல் ஐயா, இதைத் தாளில் அடித்து என் கடையில் ஒட்டப் போகிறேன். இனி திட்ட வருகிறவர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுவேன்.

பெருந்துறை அம்மணி | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4.15

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வியாழக்கிழமை ராத்திரி மின்னஞ்சல் அனுப்பினேன், மறுநாள் மதியமே கிடைத்தது என்று பதில் வந்தது. 14ஆவது நாள் முடிவு வந்தது. யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, பெற்றோர் சம்மதத்தோடுதான் குழந்தை பங்கெடுத்தது, இருந்தாலும் உங்கள் கருத்தைத் தயாரிப்புக் குழுவுக்குத் தெரிவித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இணையத்தில் போய்ப் பார்த்தேன். அழுகிற இடத்தைக் குறைத்திருக்கிறார்கள், மூன்று தடவை இல்லை, ஒரு தடவைதான் வருகிறது. லவ்வர் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆட்சியர் அனுமதி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நேற்று பி.சி.சி.சி.க்கு மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். சேனலின் பதிலையும் சேர்த்திருக்கிறேன், பதில் சொல்லாமல் விட்ட கேள்வியைத் தனியாகக் குறித்திருக்கிறேன். 60 நாள் என்றால் காத்திருக்கிறேன்.

நொய்யல்கரை | சனி, இரவு 9.30

அம்மணி, இன்று காலை 11.20க்கு அதே நிகழ்ச்சியை மறுபடியும் போட்டார்கள். இந்தத் தடவை மாற்றாமல் உட்கார்ந்து பார்த்தேன். 11.26க்கு அந்தக் கேள்வி வருகிறது, வெட்டவில்லை. வக்கீல் ஐயா எழுதியதை வைத்து, தேதியையும் நேரத்தையும் மாற்றி, என் பெயரில் தனியாக ஒரு புகார் இப்போதுதான் சேனலுக்கு அனுப்பினேன். 24 மணி நேரம் இப்போதிலிருந்து எண்ணுகிறேன்.